குழவிக்கல்லுக்கு நாடி

“துடிச்சதுங்கம்மா. சத்தியமா என் விரலுக்கடியில துடிச்சது.”

மாரப்பன் இதை நல்லம்மாளிடம் மூன்றாம் முறை சொன்னார்.

வைத்தியம் பார்க்கும் நல்லம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவள். ஏழு வருஷமாக அவளிடம் மருந்து அரைத்துத் தொழில் படிக்கிறார். நாடி பார்க்க மட்டும் அவள் விடவில்லை. அது அவருக்குத் தீராத குறை.

அன்று விடியலில் அவள் ஊரில் இல்லை. ராமக்காளின் புருஷன் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறான் என்று ஆள் வந்தது. இவர்தான் போனார். மணிக்கட்டில் மூன்று விரலையும் வைத்து நன்றாக அழுத்தினார். உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அழுகை நின்றது. ராமக்காள் ஓடிப்போய் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தாள். உச்சிவெயில் வரை அந்த வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

நல்லம்மாள் வந்தாள். தொட்டுப் பார்த்தாள். துணியை இழுத்து முகத்தை மூடினாள்.

இப்போது அவள் கேட்டாள்.

“அவர் மணிக்கட்டுல என்ன இருந்தது?”

“மணி கோத்த கறுப்புக் கயிறு. இடைஞ்சலா இருந்துச்சு. மேலே தள்ளிட்டேன்.”

“யார் கட்டினது?”

தெரியாது என்றார்.

அவள் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதுக்கு நாடி பாருங்கண்ணா.”

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். சிரிப்பில்லை. மூன்று விரலையும் வைத்து அழுத்தினார்.

கல் துடித்தது.

இன்னும் அழுத்தினார். இன்னும் பலமாகத் துடித்தது.

துடிப்பது தன் விரல்தான் என்று புரிந்ததும் கையை எடுத்தார். பிறகு எழுந்து, ராமக்காள் வீட்டுக்கு நடந்தார்.

பிணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கயிறு யார் கட்டியது என்று கேட்டார்.

“நான்தான். காய்ச்சல் கண்ட அன்னைக்குக் கட்டுனேன். மணிக்கட்டுன்னு அதுக்குப் பேரு வச்சதே எதுக்கு? போறவங்களைப் போகவிடாம ஒரு கட்டுப் போடத்தானே.”



அவள் இடது கையை நீட்டினாள். வளையல் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

“உயிர் இருக்குன்னு சொன்னீங்களே. எனக்குப் பாருங்க.”

மாரப்பன் உட்கார்ந்தார். விரல்களை வைத்தார். தோலில் பட்டதோ படவில்லையோ.

ஒன்றுமே தெரியவில்லை. காத்திருந்தார்.

பிறகு, எங்கோ தொலைவில், அவருக்குப் பழக்கமே இல்லாத ஒரு துடிப்பு.