நாலாவது படகின் வீடு

இதை எனக்கு முதலில் சொன்னது என் நடு மகள் ஜெசிந்தா. போன ஐப்பசியில் காய்ச்சலோடு ஊருக்கு வந்தவள், உடம்பு தேறிய அன்று சாயந்தரம் ஜெபம் முடிந்ததும் சொன்னாள். கணினிக்குள் உலகம் கட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் கணினிக்குள், நிஜ மண்ணே இல்லாத ஒரு தீவு இருந்தது. கடல், மணல், காற்று, எல்லாம் நவமணி என்ற பெண் ஒவ்வொன்றாக வைத்து உண்டாக்கியவை. அந்தத் தீவுக்கு ஆட்கள் தங்கள் வீட்டில் இருந்தபடியே வருவார்கள். வந்து நடப்பார்கள், எடுப்பார்கள், கொடுப்பார்கள். அவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்களோ அந்தப் பக்கம் கதையும் நடக்கும்.

கதை இதுதான். தீவில் கலங்கரை விளக்கு அணைந்துவிட்டது. கடலில் நாலு படகுகள். வருகிறவர் எங்கேயாவது தேடிப் பிடித்து ஒரு பானை எண்ணெய் கொண்டுவந்து விளக்கை ஏற்ற வேண்டும். சிலர் கோயிலில் கேட்டு வாங்குவார்கள், சிலர் தேங்காய் பொறுக்கி ஆட்டி எடுப்பார்கள். எப்படி ஏற்றினாலும் மூன்று படகுகள் திரும்பி வரும். நாலாவது வராது. எல்லாம் வந்து சேர்ந்தால் கதையில் கனம் இருக்காது என்று நவமணி அப்படி வைத்திருந்தாள்.

கரையில் நாலு வீடுகள். திரும்பி வருகிற மூன்று பேருக்கும் அறை, அடுப்பு, கட்டிக்கொண்டு அழ ஆட்கள், எல்லாம் கட்டியிருந்தாள். நாலாவது வீட்டுக்குள் போக யாருக்கும் வேலையில்லை. அதனால் அதற்கு முகப்பு மட்டும்தான். ஒரு சுவர், அதில் வரைந்த ஒரு நீலக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. உலகம் கட்டுகிறவர்களுக்கு அது வழக்கம். ஆள் போகாத இடத்தில் முகம் இருந்தால் போதும் என்பார்கள்.

நீலக் கதவுக்கு அது தெரியும். அதைப் பற்றி அது யாரிடமும் வாய் திறந்ததில்லை. உயரத்தில் நிற்கிற கலங்கரை விளக்குதான் சும்மா இருக்காது.

"என்ன கதவே, இன்னைக்காவது திறந்தியா?"

"இல்லண்ணே."

"திறந்தாத்தான் என்ன இருக்கப்போவுது. முதுகே இல்லாத ஜென்மம் நீ."

கதவு சிரித்துக்கொள்ளும். அண்ணன் சொல்வது பொய்யில்லையே.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். தீவுக்கு வருகிறவர்களுக்குத் தலைக்குமேல் பெயர் மிதக்கும். இவளுக்கு 'சேவியரம்மா' என்று மிதந்தது. நடை பழகாமல் இரண்டு தடவை கிணற்றில் முட்டிக்கொண்டாள். எண்ணெய் தேடினாள், விளக்கை ஏற்றினாள். மூன்று படகுகள் வந்தன. கரையில் கொட்டு முழங்கியது. மற்றவர்கள் அதோடு கதை முடிந்தது என்று போய்விடுவார்கள். இவள் போகவில்லை. கடலைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள்.

பிறகு எண்ணெய் கொண்டுவந்த பானையைக் கிணற்றடியில் கழுவினாள். திரும்பி வந்தவர்களின் வீட்டு அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த கஞ்சியை அதில் மோந்துகொண்டாள். நேராக நீலக் கதவுக்கு வந்து தட்டினாள்.

கட்டிய நாளிலிருந்து ஒரு கை தன்மேல் பட்டது அப்போதுதான். கதவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வீட்ல யாரு இருக்கீய?" என்று அவள் வார்த்தைகள் மிதந்தன. "கஞ்சி கொண்டாந்திருக்கேன். திறக்காட்டியும் பரவாயில்ல. இங்கன வைக்கேன்."

பானையை வாசலில் வைத்துவிட்டு அவள் சற்று நேரம் இருந்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள்; ஒவ்வொரு தடவையும் கதை முதலிலிருந்துதான் தொடங்கும். விளக்கை ஏற்றி, படகுகளைப் பார்த்து, கஞ்சி மோந்து, கதவைத் தட்டினாள். அதற்கு மறுநாளும்.

"லூசா அவ?" என்றது விளக்கு. "கதை முடிஞ்சு கொட்டும் அடிச்சாச்சு. இன்னும் என்ன?"

"அண்ணே, அவ படகை எண்ணியிருக்கா," என்றது கதவு.

அந்தத் தீவில் ஒரு துடைப்பம் உண்டு. உலகம் பாரமாகிவிட்டால் சின்ன போன்களில் திக்கித் திணறும். அதனால் சனிக்கிழமைதோறும், தெருத் தெருவாக முறைவைத்து, யாரும் தொடாத பொருட்களைத் துடைப்பம் அழித்துவிடும். கல்லோ பூவோ அதற்கு ஒன்றுதான். இந்தத் தெருவின் முறை முதல் தடவையாக வந்தபோது, அது வெள்ளிக்கிழமை தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நீலக் கதவின் முன்னால் நின்றது.

"நாளைக்கு உன்னை எடுத்துட்டு வெறுஞ்சுவர் வைக்கப்போறேன். வருத்தப்படாதே."

"என்னைத் தொடுறவ ஒருத்தி இருக்காளே. நாப்பது நாளா வாறா."

"பார்த்தேன். திறக்காத கதவைத் தட்டுறது பிசகு. பிசகை நான் தொட்டதாச் சேர்க்கிறதில்ல. கதவு இருக்கவும்தானே அவளுக்குத் தட்டத் தோணுது? சுவரா இருந்தா பேசாமப் போயிருவா."

கதவு யோசித்தது. அதற்குத் தன் உயிரைவிட அந்தப் பானை பெரிதாகத் தெரிந்தது.

"போவமாட்டா," என்றது. "சுவருக்கு முன்னால உக்காந்திருப்பா. வராத படகு ஒண்ணு இருக்கையில அவ எப்படிப் போவா? என்னை எடுத்துக்கோ. அதுக்கு முன்னால அவளுக்கு யாராவது ஒரு பதில் சொல்லிரட்டும்."

துடைப்பத்துக்கு இப்படி யாரும் பேசிக் கேட்டுப் பழக்கமில்லை. எடுக்காதே என்று கெஞ்சுகிறவர்களைத்தான் அது பார்த்திருக்கிறது.

"கேக்குற வழக்கம் எனக்குக் கிடையாது," என்றது. "இந்த ஒரு தடவை, 'சந்தேகம்'னு ஒரு குறி வைக்கேன். கட்டினவ வந்து பார்க்கட்டும். அவ எடுன்னு சொன்னா எடுத்துருவேன்."

அந்தக் குறியைப் பார்த்து நவமணி சனிக்கிழமை காலையில் தீவுக்குள் வந்தாள். தான் கட்டிய தெருவில் மற்றவர்களைப்போல் தானும் நடந்து வந்தாள். சேவியரம்மா கதவடியில் பானையோடு இருந்தாள்.

"அக்கா, இந்தக் கதவு திறக்காது. பின்னால ஒண்ணுமில்ல. சும்மா வரைஞ்சது."

"நீ யாரும்மா?"

"இதெல்லாம் கட்டினவ."

"அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். நாலாவது படகுல போனது யாரு?"

"யாருமில்லக்கா. கதைக்குக் கொஞ்சம் துக்கம் இருக்கட்டும்னு படகை மட்டும்..."

"ஆளில்லாம படகு போவுமா? ஆள் போயிருந்தா அவனுக்கு ஒரு வீடு இருக்கும். மூணு வீட்டுக்கும் போய்ப் பார்த்துட்டேன், எல்லாரும் வந்துட்டாவ. பாக்கி இந்த வீடுதானே? எல்லாரும் கொட்டடிக்கையில இந்த வீட்டுப் பொம்பளை தனியா இருப்பா. அடுப்பு பத்த வச்சிருக்கமாட்டா."

பக்கத்தில் நின்ற துடைப்பமும் கதவும் கேட்டுக்கொண்டிருந்தன.

"வேணும்னா அந்தப் படகையும் திரும்பி வர வச்சிரவாக்கா? ஒரு வரி மாத்தினாப் போதும்," என்றாள் நவமணி.

சேவியரம்மா கடல் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு அது முடியும்மா. எங்க வீட்டுப் படகு வராமப் போனப்ப அந்த ஒரு வரியை மாத்த யாராலயும் முடியல. அன்னைக்கு எங்க வீட்டுக்கு ஒருத்தி வந்து உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசல. அதனாலதான் நான் இன்னைக்கு நடமாடுறேன். இவகிட்டயும் அப்படி உக்காரணும். அம்புட்டுத்தான்."

நவமணி போய்விட்டாள். 'எடு' என்றும் சொல்லவில்லை, 'இருக்கட்டும்' என்றும் சொல்லவில்லை. சேவியரம்மாவும் பானையை வைத்துவிட்டுப் போனாள். துடைப்பம் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தது.

மத்தியானம் கதவுக்கு முதுகில் குளிர்ந்தது. அதுவரை அதற்கு முதுகு என்று ஒன்று இருந்ததில்லை. பிறகு ஓரத்தில் கீல் வந்தது. அதற்கப்புறம் பின்னாலிருந்து ஒரு வாசனைபோல ஏதோ வந்தது.

துடைப்பம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

"உள்ள என்ன வச்சிருக்கா?" என்று மேலிருந்து கேட்டது விளக்கு. "புதையலா?"

"இல்லண்ணே. ஒரு பாய். அணைஞ்ச அடுப்பு. ஒரு பொம்பளை உக்காந்திருக்கா."

"பேசுவாளா?"

"அவளுக்கு வார்த்தை எதுவும் வைக்கல."

"பேசாதவளைக் கட்டவா இம்புட்டுப் பாடு?" என்றது விளக்கு. ஆனால் அது கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குச் சேவியரம்மா வந்தாள். விளக்கை ஏற்றினாள். படகுகள் வந்தன. கஞ்சியை மோந்துகொண்டு வந்து, திறக்கும் என்ற நினைப்பே இல்லாமல் தட்டினாள்.

கதவு திறந்தது.

அவள் நிலையிலேயே நின்றுவிட்டாள். கதவு தன்னால் முடிந்தமட்டும் அகலமாக விரிந்துகொடுத்தது. அவள் உள்ளே போய்ப் பானையை அடுப்படியில் வைத்தாள். பாயின் விளிம்பில் உட்காரப் போனாள்.

கலங்கரை விளக்குக்கு அங்கிருந்து உள்ளே தெரியவில்லை. ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு, அதன் வாழ்நாளில் முதல் தடவையாக, தாழ்ந்த குரலில் கேட்டது: "தம்பி, உள்ள என்ன நடக்குது?"

"பாயில இருக்கிறவளுக்கு நவமணி ஒண்ணே ஒண்ணு செய்யக் கத்துக்கொடுத்திருக்கா, அண்ணே."

"என்ன?"

"பாயில தள்ளி உக்காந்து இடம் கொடுத்தா."

உங்களுக்கும் தெரிந்த வீடு ஒன்று இருக்கும். இந்த வாரத்தில் ஒருநாள் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.