முள் இறங்கும் நேரம்

"அம்மிணி, என் பட்டறையில எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணினாலும் ஓடுது. கார்க்காரம்மா வீட்டு வாசல்ல விடிய விடிய நின்னா மட்டும் ஓட மாட்டேங்குது. இந்த வண்டிக்கு எம்மேல என்ன கோவமுங்?"

கேட்டவர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருட மெக்கானிக்.

எதிரே நின்றவள் மரகதம். வயது முப்பத்தொன்று. மற்றவர்கள் கைவிட்ட கார்கள் அவளுடைய சங்ககிரி பட்டறைக்குத்தான் வரும்.

தன்னைவிட இருபது வயது சின்னவளிடம் போய்க் கேட்க பொன்னுரங்கத்துக்கு ஆறு மாதம் ஆயிற்று. கௌரவம் லேசில் விடுமா?

கார் தொண்ணூற்றெட்டாம் வருடத்து மாடல். கோகிலவாணியுடையது. அவள் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கெல்லாம் ஈரோட்டில் இருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு நாள் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியே உட்கார்ந்துவிட்டது. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மனிதருக்கு மூச்சு இரைத்துவிட்டது.

நாளைக் காலை மறுபடி போக வேண்டும்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்கண்ணா?" என்றாள் மரகதம்.

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

"சாவியை உங்களுக்குத் திருப்பத் தெரியலைன்னு சொல்லிட்டனுங்."

"வண்டிக்கு என்ன பண்ணீங்க?"

"பிளக் மாத்தினேன். பேட்டரி மாத்தினேன். நாலு மாசம் முந்தி டேங்க்ல பெட்ரோல் பம்ப்பே புதுசு போட்டேன். பெட்ரோல் அழுத்தம் பாக்கற கேஜ் மாட்டிப் பார்த்தேன். பிரஷர் மூணு நிக்குது."

"எப்பப் பார்த்தீங்க?"

"ஓடறப்பத்தான். வேற எப்பப் பாக்கறதுங்?"

மரகதம் கேஜை மாட்டி இன்ஜினை ஓடவிட்டாள். முள் மூன்றில் நின்றது.

"நான் சொன்னேன்ல?" என்றார் பொன்னுரங்கம்.

அவள் இன்ஜினை நிறுத்தினாள். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கேஜுக்கு முன்னால் போட்டாள்.

"உக்காருங்கண்ணா."

"உக்காந்து?"

"முள்ளைப் பாருங்க."

உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கை தானாக ஒரு ஸ்பேனரை எடுத்தது. மரகதம் அதை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய கொடுமையாக இருந்தது.

முள் மூன்றிலிருந்து இரண்டரைக்கு வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. கால் மணி நேரத்தில் பூஜ்யம்.

"அம்மிணி! போயிருச்சு!"

"ஆறு மாசமா தெனமும் இப்படித்தான் போயிருக்குமுங்கண்ணா. நீங்க உடனே உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்க. அதுக்குள்ள இது எறங்கியிருக்காது. ராத்திரி பூரா நின்னா குழாயில அழுத்தமே இருக்காது, அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்?"

மறுபடி ஓடவிட்டு நிறுத்தினாள். மிச்சப் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பிப் போகிற ரப்பர் குழாயைக் கிடுக்கியால் நெரித்தாள். அப்போதும் முள் இறங்கியது.

மூன்றாம் முறை, டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு வருகிற குழாயை நெரித்தாள்.

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்கள். முள் அசையவில்லை.

"அப்ப டேங்க் பக்கந்தான் போகுது," என்றார் பொன்னுரங்கம். உடனே தலையை ஆட்டினார். "அங்க இருக்க வழியில்லீங். அது நான் போட்ட புது பம்ப்."

"பம்ப் வந்த அட்டைப் பெட்டியில என்னென்ன இருந்துச்சுங்கண்ணா?"

"பம்ப். ஒரு வடிகட்டி. ரெண்டு கிளிப். பம்ப்போட வாய்ல மாட்டறதுக்கு விரல் நீளத்துல ஒரு ரப்பர் ஹோஸ்."

"அந்த ஹோஸ் எங்க?"

"பழசே நல்லா இருந்துச்சுங். நல்லா இருக்கறதை நான் மாத்த மாட்டேன். ஊர்ல என் பேரே அதுக்குத்தான்."



பிறகு யாரும் சொல்லாமலே பின் சீட்டைத் தூக்கினார். டேங்க் மூடியைக் கழற்றினார். பம்ப்பை வெளியே எடுத்தார்.

பழைய ஹோஸ் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பை நகர்த்தி, கட்டை விரலால் வளைத்தார். கிளிப் இருந்த இடத்தில் ஒரு கீறல் வாய் திறந்தது.

"பம்ப் ஓடறப்ப தள்ளுற வேகத்துல இந்த ஒழுக்கு தெரியாதுங்கண்ணா," என்றாள் மரகதம். "ஒழுகறதும் டேங்க்குக்குள்ளயே. கீழ ஒரு சொட்டு விழாது."

"புது ஹோஸ் இருக்குதுங்களா அம்மிணி?"

மரகதம் அவர் கூடவே கொண்டுவந்திருந்த டூல்ஸ் பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

அடித்தட்டில் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பொன்னுரங்கம் கோகிலவாணியின் வாசலில் நின்றார். வண்டி இரவு முழுவதும் அங்கேயே நின்றிருந்தது. கணவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்.

"நீங்களே திருப்புங்க," என்று கோகிலவாணி சாவியை நீட்டினாள். குரலில் கோபம் ஆறவில்லை.

"இல்லீங். நீங்க திருப்புங்க."

திருப்பினாள். இன்ஜின் உடனே எடுத்துக்கொண்டது.

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னைக்குச் சரியாத் திருப்பினேனுங்களா?"

"நீங்க எப்பவும் சரியாத்தானுங் திருப்பினீங்க," என்றார் பொன்னுரங்கம். "மாட்ட வேண்டியது நாலு மாசமா என் பெட்டியில கெடந்துச்சு."