பச்சைப் பட்டன்

கோவை கணபதியில் வசந்தாமணி என்றொரு குரு இருந்தாள். காட்டில் இல்லை, மாடி வீட்டில். ஆசிரமம் என்று தேடினால் சாப்பாட்டு மேசை இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டுவார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன சி.என்.சி. மிஷின் இருந்தது. தையல் மிஷினைவிடக் கொஞ்சம் பெரியது. மோட்டார், திருகு, கட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி அவளே பூட்டியது. கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை இரும்பில் கோடு கோடாக வெட்டும்.

அவள் வெட்டுவது துப்பாக்கித் தகடுகளில், விசைக்கு மேலே இரண்டு பக்கமும் பூட்டியிருக்கும் இரும்புத் தகடுகளில். லைசென்ஸ்காரர்களின் வேட்டைத் துப்பாக்கி, ரைபிள் கிளப்காரர்களின் போட்டித் துப்பாக்கி. துப்பாக்கிக் கடையில் முறைப்படி தகட்டை மட்டும் கழற்றி அனுப்புவார்கள். அவள் அதில் மயிலும் காட்டெருமையும் பூங்கொடியும் வெட்டித் தருவாள். மயிலின் தோகையில் ஒவ்வொரு இழையும் தலைமுடி கனம்தான் இருக்கும். மும்பையிலிருந்துகூட வேலை வந்தது. அவளுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. "நம்மளாட்ட வெட்ட ஆளில்லீங்க" என்று வாய்விட்டே சொல்வாள். சொன்னது உண்மை என்பதால் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

சீடர் கிட்டுசாமி. குருவுக்கு நாற்பது ஆகவில்லை, சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெரிய மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். யானை உயர மிஷின்களை மேய்த்தவர். வேலைதான் போனதே தவிர மீசை இன்னும் ஃபோர்மேன் மீசையாகவே இருந்தது. யாரோ காட்டிய துப்பாக்கியில் அவள் வெட்டிய மயிலைப் பார்த்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பழத்தட்டோடு வந்து நின்றார்.

"எனக்குக் கத்துக் குடுங்க டீச்சர்."

"என்னுங்ணா இது, என்ற அப்பா வயசு உங்களுக்கு."

"வயசு கிடக்குதுங்க. மயிலு வரமாட்டேங்குது."

அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணா, அவள் அவருக்கு டீச்சர்.

ஒரு வருஷம் ஓடியது. படம் வரைந்தார். கட்டர் தீட்டினார். பித்தளைத் துண்டுகளில் மயில் மயிலாக வெட்டித் தள்ளினார். ஆனால் வாடிக்கைக்காரரின் தகடு மிஷினில் ஏறுகிற நாளில் பச்சைப் பட்டனை வசந்தாமணிதான் அமுக்குவாள். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எத்தனையோ பேரை நிற்க வைத்த மனுஷருக்கு அது முள்ளாகக் குத்தியது.

"டீச்சர், பட்டன் எப்பங்க?"

"பித்தளை இன்னும் இருக்குதுங்ணா."

"இருந்த பித்தளையெல்லாம் வெட்டியாச்சுங்க."

அவள் உள்ளே போய் இன்னொரு பெட்டி பித்தளையைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "என்ன வந்தாக் குடுப்பீங்க? அதையாச்சும் சொல்லுங்க, நான் கொண்டாறேன்."

வசந்தாமணி மிஷின் திருகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியலீங்ணா" என்றாள். "வந்தாத் தெரியும்."

இப்படி இருக்கும்போதுதான் ஆனைமலையிலிருந்து நாச்சிமுத்து வந்தார். தென்னந்தோப்பும் காட்டுப்பன்றித் தொல்லையும் உள்ளவர். அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி அவர் காலத்துக்குப் பிறகு லைசென்ஸோடு இவர் பெயருக்கு மாறியிருந்தது. அதன் இரண்டு பக்கத் தகட்டிலும் குலசாமி கருப்பராயன் வேண்டும் என்றார்.

இடது தகடு முன்பே முடிந்துவிட்டது. கருப்பராயன் எதிரே பார்த்து நிற்கிறார். வலது கையில் ஓங்கிய அருவாள். இடது கையில் குதிரையின் கடிவாளம். குதிரை குழல் முனையைப் பார்த்து நிற்கிறது. துப்பாக்கித் தகட்டில் மிருகம் முன்னால்தான் பார்க்க வேண்டும், பின்னால் திரும்பினால் ஓடுகிற மாதிரி ஆகிவிடும் என்பது தொழில் வழக்கம். நாச்சிமுத்து அந்தத் தகட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"இதே மாதிரி அந்தப் பக்கமும் இருக்கோணும் அம்மிணி."

இரண்டாவது தகடு வெட்டும் நாளில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டுமென்று அவரே வந்து உட்கார்ந்தார். தகடு மிஷினின் பிடிக்குள் இறுகி இருந்தது. எல்லாவற்றையும் வசந்தாமணி தன் கையாலேயே வைத்து, அளந்து, முடித்திருந்தாள்.

நாச்சிமுத்து கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கையில ஒண்ணுமே வெட்டறதில்லீங்களா?"

"இல்லீங்க."

"எல்லாமே மிஷினா?"

"ஆமாங்க."

"அப்ப பட்டனை அமுக்குனா அது பாட்டுக்கு வெட்டிப்போடும். இதுக்குத்தானா ஊரே உங்களைப் பெருமையாப் பேசுது!"

மனிதர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். ஆனால் கிட்டுசாமிக்கு மீசை துடித்தது. "டீச்சர், என்னமோ சொல்றாரு பாருங்க" என்றார்.

வசந்தாமணி கோபப்படவில்லை. மிஷின் முன்னாலிருந்து விலகி நின்றாள்.

"வாங்க" என்றாள் நாச்சிமுத்துவிடம். "நீங்களே அமுக்குங்க."

"நானுங்களா?"

"பட்டன்தானுங்களே. அந்தப் பச்சை."

நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். விரலை நீட்டினார். பட்டனுக்குப் பக்கத்தில் போன விரல் நின்றது. கண்ணாடிக்குள் தகட்டைப் பார்த்தார்.

"தப்பிப் போச்சுன்னா?"

"இரும்புங்க. வெட்டுனது வெட்டுனதுதான்."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். மறுபடி நின்றது.

"வேண்டாமுங்க. எங்கப்பன் தொட்ட தகடு" என்று நாற்காலிக்கே திரும்பிப் போனார்.

வசந்தாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் போதும் என்பது எத்தனை பேர் சொன்ன பேச்சு! ஒருத்தராவது இப்படி விரலை மடக்கிக்கொண்டு போயிருக்கிறாரா? அந்தப் பெருமை அவளைச் சும்மா இருக்க விடவில்லை.

"எங்க அண்ணா அமுக்குவாரு பாருங்க" என்றாள். "வாங்ணா. இன்னிக்கு நீங்க."

கிட்டுசாமி தன் காதையே நம்பவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மிஷின் முன்னால் வந்து நின்றார். ஒரு வருஷமாகக் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் விரல் பட்டனுக்குப் போகவில்லை. பக்கத்துத் திருகைத் தொட்டுக் கட்டரை மேலே தூக்கினார்.

"என்னுங்ணா?"

"ஒருக்காக் காத்துல ஓட்டிப் பாத்துக்கறனுங்க."

தகட்டைத் தொடாமல், அதற்கு மேலே வெறும் காற்றில் முழுப் படத்தையும் ஓட விட்டுப் பார்ப்பது அது.

"நான் பாத்தாச்சுங்ணா."

"நீங்க பாத்தீங்க டீச்சர். அமுக்கப் போறது நானுங்களே."

நாச்சிமுத்து சிரித்தார். "குருவையே நம்ப மாட்டாராட்ட இருக்குது."

வசந்தாமணியின் முகம் சுருங்கியது. வாடிக்கைக்காரர் முன்னால் அவளுக்கு இது பிடிக்கவில்லை. "ஓட்டுங்க" என்று வெடுக்கென்று சொன்னாள்.

கட்டர் காற்றில் ஓடியது. முதலில் குதிரை. பிடரி, காது, முன்னங்கால். குழல் முனையைப் பார்த்துச் சரியாகவே நின்றது. பிறகு சாமியின் கால், இடுப்பு, மீசை. கிட்டுசாமி குனிந்து கண்ணாலேயே அதைத் தொடர்ந்தார். ஓங்கிய கை வந்தபோது அவர் வலது கையும் தானாக மேலே எழுந்தது. பாதியில் நின்றது. அதைக் கீழே விட்டுவிட்டு இடது கையைத் தூக்கிப் பார்த்தார். மிஷினை நிறுத்தினார்.

"டீச்சர்" என்றார் மெதுவாக. "கருப்பராயன் எந்தக் கையில அருவா புடிக்கறாரு?"

வசந்தாமணி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். முடிந்த தகட்டை எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். மறுபக்கத் தகட்டிலும் குதிரை குழல் முனையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே திருப்பிப் போட்டிருந்தாள். எப்போதும் செய்வதுதான். மயிலையும் காட்டெருமையையும் எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறாள். மிருகத்துக்கு வலது கை ஏது, இடது கை ஏது? சாமி வருவது இதுதான் முதல் தடவை. குதிரை திரும்பியபோது சாமியும் திரும்பிவிட்டார். அருவாள் இடது கைக்குப் போய்விட்டது.

நாச்சிமுத்துவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தன் விரலைப் பார்த்தார்.

"நான் அமுக்கியிருந்தா?" என்றார். "இடது கையில திருநீறுகூட வாங்க மாட்டமே நாங்க."

வசந்தாமணி தலை குனிந்து நின்றாள். அப்படி அவளைக் கிட்டுசாமி ஒருநாளும் பார்த்ததில்லை. அவரால் தாங்க முடியவில்லை. திடீரென்று பெரிதாகச் சிரித்தார்.

"பயந்துட்டீங்களா? இதெல்லாம் டீச்சர் எனக்கு வெச்ச பரீட்சைங்க! வேணும்னே படத்தை மாத்தி வெச்சுப் போட்டு, நான் புடிக்கறனா, கண்ணை மூடிட்டு அமுக்கறனான்னு பாத்தாங்க. ஒரு வருஷமா இப்படித்தான், தெனமும் ஒரு சோதனை!"

ஃபோர்மேன் வேலை பார்த்தவருக்குப் பொய் வராதா? நன்றாகவே வந்தது. நாச்சிமுத்து பெருமூச்சு விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அதான பாத்தேன். குருன்னா இப்படியல்ல இருக்கோணும்!"

வேறு கதையாக இருந்தால் குரு இந்த இடத்தில் புன்னகை செய்திருப்பார். கதையும் முடிந்திருக்கும். வசந்தாமணிக்கும் அந்தப் புன்னகை உதடுவரை வந்தது.

"இல்லீங்க" என்றாள். "பரீட்சையெல்லாம் இல்லீங்க. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

"டீச்சர், சும்மா இருங்க."

"நீங்க இருங்ணா. எனக்காக நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம்."

நாச்சிமுத்துவின் கும்பிட்ட கை இறங்கியது. எழுந்து மிஷின் பக்கத்தில் வந்தார். பிடிக்குள் இருந்த தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று கண்ணை இடுக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அதற்குப் பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"வெளிப்படையாக் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க அம்மிணி. எங்கப்பன் பொருளு இது. இனி உங்களை நம்பி எப்படி உட்டுப்போட்டுப் போறது?"

வசந்தாமணி கிட்டுசாமியைப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மும்பைக்காரர்கள் புகழ்ந்தபோதுகூட அவள் முகத்தில் இல்லாத பெருமை ஒன்று அப்போது வந்தது.

"என்னை நம்ப வேண்டாமுங்க" என்றாள். "என்ற தப்பையே புடிக்கற ஆளு என்ற ஊட்டுல இருக்காரு. அவரை நம்பி உட்டுட்டுப் போங்க."