நாலு தடவை 'விடு'

தென்காசிப் பக்கம் ஒரு கம்பெனி. பஸ் டிக்கெட் மெஷினுக்குள் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளை மூன்று பேர் எழுதினார்கள். மூளை மொத்தம் எத்தனை என்று யாரும் விசாரிக்கவில்லை.

மூவரில் பூங்காவனத்துக்குத்தான் பயம் அதிகம். மெஷின் இன்னொரு தடவை நின்றால் வேலை போய்விடும். அப்புறம் மாமாவின் மில்லில் மிளகாய் அரைக்க வேண்டியதுதான்.

கோவையிலிருந்து பெரிய இன்ஜினியர் போனில் விளக்கினார். "ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் மெமரியில ஒரு இடம். அதைப் பயன்படுத்துறவன் 'பிடி'ன்னா எண்ணிக்கை ஒண்ணு ஏறும், 'விடு'ன்னா ஒண்ணு இறங்கும். பூஜ்யமானாத்தான் இடம் காலியாகும். எவனோ பிடிச்சிட்டு விடல. மெமரி நிரம்பி மெஷின் நிக்குது."

மூவருக்கும் தலைவர் ஞானப்பிரகாசம் போனை வைத்துவிட்டு முறைத்தார். "எவம்லே பிடிச்சது?"

"நான் டீ கிளாஸ்தான் பிடிச்சிருக்கேன்ணே," என்றான் சூசை.

"விட்டியா?"

விட்டான். கிளாஸ் சுக்குநூறானது. விசாரணையில் நல்ல முன்னேற்றம்.

பூங்காவனம் புரோகிராமைத் துழாவினாள். "அண்ணே, பேப்பர் தீர்ந்துட்டா, பிடிச்சவன் விடாமலே திரும்பிடுறான். அங்க ஒரு 'விடு' போட்டுரவா?"

"ஒண்ணு போட்டா கேப்பானா? பிடிவாதக்காரனா இருந்தா?"

நியாயமாகத்தான் பட்டது. அவள் மாமாவும் அப்படித்தான். நாலு 'விடு' போட்டாள்.

மறுநாள் காலிப் பஸ்ஸில் சோதனை ஓட்டம். டிப்போ மேனேஜர் வேலாயுதம் கூடவே வந்தார். ஆலங்குளம் தாண்டியதும் பேப்பர் தீர்ந்தது. மெஷின் நின்றது. திரையில் எண்ணிக்கை: மைனஸ் மூணு.

"இது என்னம்மா?" என்றார் வேலாயுதம்.

பூங்காவனத்துக்கு இப்போதே மிளகாய் நெடி அடித்தது. "பிடிக்க மூணு பேர் குறையுது சார். பிடிச்சா பூஜ்யமாயிடும்."

ஞானப்பிரகாசம் மெஷினைப் பிடித்தார். சூசையும் பிடித்தான்.

"நீங்களும் ஒரு கை பிடிங்க சார்."

"சோதிக்க வந்தவன் கை வைக்கக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"நீ பிடியேன்," என்றான் சூசை.

"ரெண்டு கையிலயும் லேப்டாப் இருக்குல்ல? இதை விட்டா இன்னொண்ணு இறங்கிரும். மைனஸ் நாலு ஆயிரும்."

சூசை விரல் விட்டு எண்ணிப் பார்த்து, சரிதான் என்றான்.

பூங்காவனம் முன்பக்கம் ஓடினாள். "டிரைவர் அண்ணே, என் பிழைப்பே போயிரும் போல. ஒரு நிமிஷம் வந்து பிடிங்களேன்."

"நான் ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கேனே தாயி."

"எவ்வளவு நேரமா?"

"தென்காசியில இருந்து."

அவள் திரும்பிக் கத்தினாள். "அண்ணே, விடாதவனைக் கண்டுபிடிச்சிட்டேன்."