பக்கம் திருப்புகிறவன்

மேற்கத்திய இசை வாசிக்கும் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவுக்கு ரெஜின் தேர்வானபோது, அவன் ஏதோ திருவிழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கப் போகிறான் என்றே அவன் ஊர் மார்த்தாண்டத்தில் பாதிப் பேர் நினைத்தார்கள். அவன் அம்மா மட்டும்தான் விவரம் கேட்டாள்.

"அத்தன பேருக்கு நடுவுல நீ வாசிக்கது எனக்கு எப்பிடி மக்களே தெரியும்?"

"மூணாவது பகுதியில ஒரு மெட்டு வரும்மா. எங்க வயலின் வரிசை மட்டுந்தான் வாசிக்கும். அது மேல ஏறும்போ நல்லா கேளு. அங்க நான் இருப்பேன்."

வாக்குக் கொடுத்துவிட்டான். அந்த மெட்டை ஒரு மாதம் உருப்போட்டான்.

ஏற்காட்டில் பத்து நாள் பயிற்சி. தொண்ணூறு பேர். வயலின்காரர்களில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், அதில் ஒரே இசை நோட்டு. பார்வையாளர் பக்கம் உட்கார்ந்தவர் விடாமல் வாசிப்பார். உள்பக்கம் உட்கார்ந்தவர் தன் வில்லை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். எங்கும் உள்ள வழக்கம்தான். ரெஜினுக்கு வாய்த்தது உள்பக்கம். மெட்டு உச்சிக்கு ஏறுகிற இடத்தில் பக்கம் முடிந்தது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பாவம், என்ன செய்வான்?

ஆறாம் நாள் ஒரு காரியம் செய்தான். உச்சி வரை வாசித்துவிட்டு அவசரமாகத் திருப்பினான். இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. பக்கத்தில் இருந்த மானசி மெட்டை விட்டு வேறெங்கோ போய்விட்டாள். அவள் வாசிப்பைக் கேட்டு முன்னால் இருந்தவர்களும் தடுமாறினார்கள். இசை நடத்துநர் கோலைத் தாழ்த்தினார். தொண்ணூறு பேரும் நின்றார்கள்.

இடைவேளையில் ரெஜின், வயலின் வரிசைக்குப் பயிற்சி தரும் மார்த்தா டீச்சரிடம் போனான்.

"தப்பு என் மேலதான் டீச்சர். ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் படிச்சோம். நான் மட்டும் ஏன் நிறுத்தணும்?"

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார்.

"அடுத்த சுற்றுல நீ மானசி இடத்துல உக்காரு. அவ கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். உன் இடத்துல நான் உக்கார்றேன்."

உட்கார்ந்தார்கள். மெட்டு வந்தது. ரெஜின் ஏறினான், உச்சியைத் தொட்டான், இறங்கினான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லா வாசிச்சே," என்றார் டீச்சர். "நான் பக்கத்தை எப்போ திருப்பினேன்?"

ரெஜின் யோசித்தான். "கவனிக்கல டீச்சர்."

"சரி. போய் உன் இடத்துல உக்காரு."

அவன் கேள்விக்குப் பதில் வந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மிச்ச நாட்களில் தாளின் மூலையை மடித்து, ஓசையில்லாமல் திருப்பிப் பழகினான்.

சென்னையில் கச்சேரி. அம்மாவுக்கு மாடியில் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் மேடையில் வெறும் தலைகள்தான் தெரியும். மெட்டு வந்தது. ரெஜின் வில்லை நிறுத்தினான். பக்கத்தைத் திருப்பினான். மானசி ஏறினாள், அவளோடு வரிசையே ஏறியது. மனசு வலிக்கத்தான் செய்தது.

முடிந்ததும் அம்மா வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்ன எடம் வந்துது மக்களே. மேல ஏறும்போ உன்னைத் தனியா கேட்டேன். எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு."

அவன் அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீச்சரைத் தேடி ஓடினான்.

"டீச்சர், அந்த இடத்துல அம்மா என்னைக் கேட்டாங்களாம். நான் அங்க வாசிக்கவே இல்ல. உண்மையைச் சொல்லிரட்டா?"

டீச்சர் வயலினைப் பெட்டியில் வைத்தார்.

"அந்த இடத்துல பாட்டு எங்கயாவது அறுந்துச்சா?"

"இல்ல டீச்சர்."

"அப்போ அம்மா உன்னைத்தான் கேட்டிருக்காங்க."