நம்பரை முழுங்கின மரம்

ஒரு மலைக்காட்டுல ஒரு குங்கிலிய மரம் இருந்துச்சாம். அது தன் நம்பரையே முழுங்கிடுச்சாம். லபக்! சிரிக்காதடா குட்டி, நெசந்தான். "ம்" கொட்டு.

ம்.

அந்தக் காட்டுல ஆராய்ச்சி பண்றவங்க, மரத்துக்கு மரம் நம்பர் போட்ட தகடு அடிச்சிருப்பாங்க. வருசா வருசம் போய், எவ்ளோ பெருத்திருக்குன்னு டேப்பைச் சுத்தி அளக்கணும். அந்த வேலை ரோஸ்லின் அக்காவுக்கு. சேந்த புதுசுல, தகடு விழுந்துடக் கூடாதேன்னு ஆணியைத் தலை வரைக்கும் அடிச்சுட்டா. டங் டங் டங்! மரம் சும்மா இருக்குமா? பெருத்துச்சு. பட்டை மூடி, தகடு உள்ள போயிடுச்சு.

சில வருசம் கழிச்சு பெரிய மேடம் மூக்கால சொல்றாங்க: "ரோஸ்லின்ன்... நானூத்தி ஏழாம் நம்பர் மரத்தைக் காணோமேம்மா. இன்னைக்குக் கிடைக்கலைன்னா செத்துப்போச்சுன்னு எழுதிடணும்மா..."

"உசுரோட நிக்கிற மரத்துக்குச் சாவு எழுதுறதா? நான் அடிச்ச ஆணி மேடம். நானே தேடுறேன்."

போனா, நம்பரே இல்லாம மூணு குங்கிலியம் நிக்குது! ரெண்டு, நம்பர் போட்டதுக்கு அப்புறம் வளந்து வந்தது. ஒண்ணுதான் நம்மாளு. எது?

தகடு உள்ள போன தடம் இருக்கான்னு மொத மரத்தைத் தடவுறா. கால்ல அட்டை, நெளுநெளுன்னு ஏறுது. "ஸ்ஸ்ஸ்... ஒரே ஒரு வாய் ரத்தம் குடு அக்கா..."

"அங்கிட்டுப் போ!" பிச்சுப் போட்டுட்டுத் தடவுறா. பட்டை வழவழ. இது இல்ல.

அப்புறம் ரெண்டாவது மரம். மேல இருந்து ஒரு சோலைமந்தி வந்து, சடக்குன்னு டேப்பைப் பிடுங்கிட்டு ஏறிடுச்சு. வால்ல சுத்திப் பாக்குது, வயித்துல சுத்திப் பாக்குது. "ஊ... ஊ... நான் எவ்ளோ பெருத்திருக்கேன்?"

"நல்லா அளந்துக்கோ, எனக்கு வேலை இருக்கு." தடவினா, இதுவும் வழவழ.

"ம்" சொல்றியா?

...ம்.

மூணாவதுக்குப் போகும்போது மழை. சோ! கீழ ஜீப் டிரைவர் சகாயம் அண்ணன், பாம் பாம்! "ஏ ரோஸ்லினூ! ஓடை பெருகுது, வா புள்ள!"

"இன்னும் ஒரு மரம்ண்ணே!"

பாசி மேல தடவிக்கிட்டே வந்தா, நெஞ்சு உயரத்துல உதடு மாதிரி ஒரு புடைப்பு. சுத்தியலால மெதுவா... டொக்... டொக்... டிங்!

பாசியை நகத்தால வழிச்சு, பிளவுல டார்ச் அடிச்சா, உள்ள ஏழோட வால் மட்டும் மினுக்குன்னு எட்டிப் பாக்குது! அதைப் பாத்ததும் மந்திக்கு அலுத்துப்போச்சோ என்னமோ, டேப்பைப் போட்டுச்சு. பொத்.

அளந்தா. புதுத் தகடு வச்சு அடிச்சா. டங்... டங்... அவ்ளோதான். பாதி ஆணி வெளியவே நிக்குது.

நனைஞ்சுகிட்டே ஏறி வந்த சகாயம் அண்ணன், "ஏன், கை வலிக்குதா?"ன்னாரு.

"இல்லண்ணே. அது வளர இடம் வேணும்ல?"

அப்புறம் தடதடன்னு ஓடி, ஓடையைத் தாண்டி ஜீப்ல ஏறினா. ஆபீஸ்ல இறங்கினதும் கத்துறா: "மேடம்! நானூத்தி ஏழு சாகல. பெருத்திருக்கு!"

நீயும் விடியறதுக்குள்ள வளரணும்ல? அதான் போர்வையைத் தளத்திப் போத்தியிருக்கேன்.

"ம்" எங்கடா?

சரி. மரமும் கிடைச்சாச்சு, ஜீப்பும் போயாச்சு. வளரு.