ஃபயர்வாலுக்குப் பத்திரிகை வைத்த மாமன்கள்

கீழப்பொட்டலில் மூன்று தாய்மாமன்கள் இருந்தார்கள். மாயழகு, ஒச்சப்பன், சின்னாண்டி. ஒருவருக்குப் புரியாததை மற்ற இருவரும் சேர்ந்து விளக்குவார்கள். அப்புறம் மூவருக்குமே புரியாது.

தங்கை மகள் மேகலைக்குக் கல்யாணம். அவளுடைய ஒரே அண்ணன் சோலைராசுவுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மண்டபத்தில் கேமரா இருந்தது. ஆனால் வெளியிலிருந்து யாரும் அதைப் பார்க்க முடியாதபடி ஃபயர்வால் என்று ஒரு பெட்டி தடுத்தது. அதைச் சரிசெய்வது தாய்மாமன் கடமை என்று மூவரும் கிளம்பினார்கள். பெண்ணின் அம்மா அப்போதே மஞ்சள் துணியில் காசு முடிந்து குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டு மணிக்கு, கம்ப்யூட்டர் படித்த சோலைராசுவின் சிநேகிதன் சென்னையிலிருந்து போனில் விளக்கினான். அந்தப் பெட்டி ஒரு காவல்காரர் மாதிரி. 8554 என்று நம்பர் சொல்லி வருகிறவரை மட்டும் நேராகக் கேமராவிடம் அனுப்பும்படி அதற்குச் சொல்லிவிட வேண்டும்.

சொல்லிவிட்டால் போச்சு என்று எழுந்த ஒச்சப்பனை மாயழகு தடுத்தார்.

“வெறுங்கையோட போயா சொல்றது? அவருக்கு நாம பத்திரிகையே வைக்கல.”

“அதான் கோவிச்சுக்கிட்டு மறிக்கிறாரு” என்றார் சின்னாண்டி.

தாம்பூலத் தட்டோடு போனார்கள். பெட்டிக்குச் சந்தனம் பூசி, பத்திரிகை வைத்து, நம்பரை மூன்று முறை சொன்னார்கள். பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டியது. சம்மதம்தான்.

படம் வரவில்லை. சிநேகிதன் நொந்துபோய், மண்டப மேனேஜரின் கம்ப்யூட்டரில் எதை எங்கே அடிப்பது என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். மாயழகு ஒற்றை விரலால் அடித்து முடிக்க ஒன்பதே முக்கால் ஆனது.

“இனி உள்ளே இருந்து பார்த்தா தெரியாது. வெளியே இருக்கிறவங்கதான் பார்த்துச் சொல்லணும். மத்த வழியெல்லாம் அடைச்சே இருக்கட்டும்” என்றான் சிநேகிதன்.

மாமன்கள் மண்டபத்தைக் காலி செய்தார்கள். சமையல்காரர்கள், மேளக்காரர்கள், மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, புகைகிற ஓமகுண்டத்தோடு ஐயர். ஒருத்தர் மிச்சம் இருந்தாலும் சோதனை கெட்டுவிடுமாம். சின்னாண்டி எல்லாக் கதவையும் பூட்டி, சாவி பத்திரமாக இருக்கட்டும் என்று ஜன்னல் வழியாக உள்ளே போட்டார்.

முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம். ஐயர் செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே ஓமம் வளர்த்தார். மாமன்கள் பூட்டிய கதவைப் பார்த்தபடி போனோடு நிற்க, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கெட்டிமேளம் கொட்டியது.

அதே நேரம் குவைத்தில் படம் வந்துவிட்டது.

“மாமா, கண்ணாடி மாதிரி தெரியுது. ஆனா மேடையில ஒருத்தரையும் காணோம். போன்ல மேளம் கேக்குதே, தாலி கட்டியாச்சா?”

“எங்களைக் கேட்டா? நீதான் மருமகனே பார்த்துச் சொல்லணும்” என்றார் மாயழகு.

“இங்க வெறும் மணைதான் மாமா இருக்கு.”

“இன்னும் கட்டலையாம்” என்று மாயழகு மற்ற இருவருக்கும் அறிவித்தார்.

மேகலையும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாக வந்து மூவர் காலிலும் விழுந்தார்கள். அவள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு ஈரம் காயாமல் தொங்கியது. ஒச்சப்பன் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

“எந்திரி தாயி. அதுக்குள்ள என்ன அவசரம்? முதல்ல தாலியைக் கட்டட்டும். உங்க அண்ணன் கண்ணு கொட்டாம பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான். கட்டினதும் சொல்லுவான்.”